பாட்டில் வாங்கும் முன்: கழுவப்போவது யார்?

மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்றதும் எல்லாரும் ஆறு மாதம் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். 2017-இல் சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 ஆக்கியது நல்ல காரியம்தான். ஆனால் அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். எனக்குக் கடைசியில் ரத்த அழுத்தம் ஏறிப்போய், டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டதால் அந்த 8 வாரமும் வயிற்றுப் பிள்ளையோடு வீட்டிலேயே கரைந்தது. மிச்சம் 18 வாரம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று டாக்டர்கள் சொல்ல, மகளுக்கு நாலு மாதம் முடிந்த கையோடு நான் கோவையில் அலுவலகம் போயாக வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில்தான் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். எங்கள் அலுவலகத்தில் அத்தனை தலை கிடையாது.

தாய்ப்பால் மட்டும் என்பதற்காக நேராக மார்பிலிருந்தே குடிக்க வேண்டும் என்பதில்லை. பீய்ச்சி வைத்துக் கொடுத்தாலும் அது தாய்ப்பால்தான். பகலில் கொடுக்கப்போவது அத்தையும் மாமாவும், அதாவது என் மாமியாரும் மாமனாரும். எதில் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

குழந்தை டாக்டரிடம் எந்த பாட்டில் நல்லது என்று கேட்டேன். "பாட்டில் எதுக்கும்மா? வீட்ல சங்கு இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார். பழைய ஆள் பேச்சாகத்தான் முதலில் பட்டது. ஆனால் விஷயம் அதுவல்ல. குறைமாதத்தில் பிறந்து, சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத சிசுக்களுக்கு நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் சங்கிலும், பாலாடை என்ற மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்திலும்தான் பால் கொடுக்கிறார்கள். திறந்த பாத்திரம், மூலைமுடுக்கு கிடையாது, தேய்த்துக் கழுவிக் கொதிக்க வைத்தால் முடிந்தது. பாட்டிலில் கிருமி தங்க இடம் அதிகம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வர அதுவும் ஒரு காரணம் என்றார். பாட்டிலே கூடாது என்று அவர் சொல்லவில்லை. சங்கு உங்களால் முடியாவிட்டால் பாட்டில், அவ்வளவுதான்.

அத்தை தன் பெட்டியிலிருந்து வெள்ளிச் சங்கை எடுத்து வந்தார். என் கணவர் குடித்த சங்காம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தார். சங்கு நல்லதுதான், ஊட்டும் விதத்தில்தான் ஆபத்து. எங்கள் பக்கம் சில வீடுகளில் பிள்ளையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கன்னத்தை அமுக்கி, மூக்கைக்கூடப் பிடித்து ஊற்றுவார்கள். பால் மூச்சுக்குழலுக்குள் போனால் பெரிய வினை. குழந்தையைச் சாய்வாக நிமிர்த்தி உட்காரவைத்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பாலை உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். அவளே நாக்கை நீட்டி உறிஞ்சிக்கொள்வாள். விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். நாம் ஊற்றக்கூடாது. அத்தைக்கு இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு பேச்சும் இல்லை.

சரி, சங்கு போதும் என்றால் ஏன் பாட்டில்? அத்தைக்கு வலது மணிக்கட்டில் வலி. பிள்ளையை ஒரு கையில் தாங்கி, மறுகையில் சங்கைச் சிந்தாமல் பிடித்து, வாய் வாயாகக் கொடுக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு வேளைக்குச் சரி, பகல் முழுக்க அப்படி முடியாது. மாமாவுக்குச் சங்கு கைக்கு வரவே இல்லை. பாதிப் பால் பிள்ளையின் கழுத்துக்குப் போனது. மணிக்கணக்கில் பீய்ச்சிய பால் கழுத்து மடிப்பில் வழிவதைப் பார்க்க எனக்கு வயிறெரிந்தது.

அப்படித்தான் கிராஸ்கட் ரோட்டில் ஒரு குழந்தைகள் கடைக்குப் போனோம். கடையில் ஒரு சுவர் முழுக்க பாட்டில். நான் கடைக்காரரிடம் கேட்டது ஒன்றுதான்: ஒவ்வொன்றையும் முழுசாகக் கழற்றிக் காட்டுங்கள். வயிற்றில் காற்றுப் போகாது என்று சொல்லி விற்கும் ஒரு பாட்டிலைக் கழற்றினார். மூடி, வளையம், நிப்பிள், உள்ளே ஒரு வால்வு, அதற்குள் ஒரு நீளக் குழாய், குழாயைக் கழுவத் தனியாக ஒரு மெல்லிய பிரஷ். தாய்ப்பாலில் கொழுப்பு இருக்கிறது. அந்தக் குழாய்க்குள் படியும் வெள்ளைப் பிசுக்கு கண்ணாடி போட்டாலே சரியாகத் தெரியாது, அத்தை கண்ணாடியைத் தேடுவதே அரைநாள் வேலை. அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் குழாயால் சில குழந்தைகளுக்குப் பலன் இருக்கலாம். ஆனால் கழுவ முடியாத பாட்டில் எந்தக் குழந்தைக்கும் ஆகாது. யார் கழுவப்போகிறார்களோ அவர் கைக்கும் கண்ணுக்கும் ஏற்றதை வாங்குவதுதான் முறை. முடிந்தால் கடைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாய் அகலமான பாட்டில் என்றால் பிரஷ் அடிவரை போகும், மூலைகள் விரலுக்கு எட்டும்.

பிளாஸ்டிக் பாட்டில் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கான தரம் ஐ.எஸ். 14625. பாலிகார்பனேட், அதாவது பிபிஏ என்ற ரசாயனம் கலந்த பழைய கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக், அதன்படி தடை. 'பிபிஏ இல்லை' என்று ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். முத்திரையின் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைத்த ஒன்றில் முத்திரையே இல்லை. இன்னொன்று: இந்தியாவில் 1992-இல் வந்து 2003-இல் திருத்திய சட்டப்படி பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்யக்கூடாது, இலவசமும் சலுகையும் கொடுத்து விற்கக்கூடாது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று பாட்டிலுக்குப் போட்டிருந்தால் அவர்கள் சட்டத்தை மீறித்தான் விற்கிறார்கள். அப்படிப்பட்டவர்களின் ஸ்டிக்கரை நான் நம்பமாட்டேன்.

நாங்கள் எடுத்தது கண்ணாடி. தினமும் கொதிக்க வைக்கும் வீடு இது. 2020-இல் அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், பாலிபுரோப்பிலீன் பாட்டிலில் சூடான நீரை ஊற்றிக் குலுக்கும்போது லிட்டருக்குப் பல லட்சக்கணக்கில் நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்வதைக் காட்டினார்கள். அதனால் உடம்புக்கு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. ஆனால் வீட்டில் எளிதாகத் தவிர்க்க முடிகிற ஒன்றை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? கண்ணாடி கனம், விழுந்தால் உடையும். 120 மில்லி சின்ன பாட்டிலாக வாங்கியதால் கனம் தெரியவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் சுடுநீரில் வைத்தால் விரிசல் விடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்டீல் பாட்டில் உடையாது, ஆனால் எத்தனை குடித்தாள் என்பது வெளியே தெரியாது. எனக்கு அந்த அளவு வேண்டியிருந்தது.

நிப்பிளில் மட்டும் யோசித்து முடிவெடுங்கள். நுனியிலிருந்து அடிவரை மெல்ல மெல்ல அகலமாகும் வடிவம் நல்லது. ஒட்டு மொத்தமாய் அகன்று நடுவில் மட்டும் ஒரு சின்ன நுனி நீட்டிக்கொண்டிருக்கும் வகை உண்டு. 'அம்மா மார்பு போலவே' என்று போட்டிருப்பார்கள். பிள்ளை அந்த நுனியை மட்டும் ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதுபோல உறிஞ்சும், வாயை அகலத் திறக்காது. ஓட்டம் ஆகக் குறைந்த நிப்பிளாக வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு மேல், ஆறு மாதத்துக்கு மேல் என்று எழுதியிருப்பதைத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம். பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், கம்பியாக ஒழுகக்கூடாது. ஒழுகினால் பிள்ளை விழுங்கத் திணறும். பழகிவிட்டால் மார்பில் உழைத்துக் குடிக்க அலுத்துக்கொள்ளும். சொந்தக்காரர் ஒருவர் வந்து, "ஊக்கைச் சுட வெச்சு ஓட்டையைப் பெருசு பண்ணு, அஞ்சு நிமிசத்துல குடிச்சுருவா" என்றார். அந்த ஐந்து நிமிடம்தான் வேண்டாம் என்கிறேன். அவரே, ஓட்டையைப் பெரிதாக்கினால் பிஸ்கட்டைக் கரைத்துக்கூடக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். திண்ணையில் உட்காரவைத்து ஒரு காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

எப்போது தொடங்குவது? தாய்ப்பால் நன்றாகச் சுரந்து, பிள்ளை பிடித்துக் குடிக்கப் பழக முதல் நாலு வாரமாவது விட வேண்டும். அதற்குமுன் பாட்டில் வேண்டாம் என்பதுதான் டாக்டர்கள் வாக்கு. வேலைக்குப் போகும் முந்தின நாள் ஆரம்பிப்பதும் ஆகாது. நாங்கள் ஒரு மாதம் முன்னால் தொடங்கினோம். அதற்குள் பிள்ளைக்கு விவரம் வந்திருந்தது.

அதாவது, என்னைப் பார்த்தாலே பாட்டிலைத் தட்டிவிட்டாள். நான் கொடுத்தால் வாயை இறுக்கி மூடி, முகத்தைத் திருப்பி, நெஞ்சில் முட்டினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அசல் பக்கத்திலேயே இருக்கும்போது நகல் எதற்கு? கணவர் கொடுத்தபோது நான் அடுக்களையில் நின்றேன். அப்போதும் நடக்கவில்லை. நான் வீட்டைவிட்டே வெளியே போக வேண்டியிருந்தது. கோவிலுக்குப் போகிறேன் என்று கிளம்பி, தெருமுனையில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் குடிக்க வைத்தது மாமாதான். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அவசரப்படாத ஆள். பிள்ளையை முகம் பார்க்க ஏந்தாமல், தன் நெஞ்சில் முதுகைச் சாய்த்து, தெருவைப் பார்க்கிற மாதிரி திண்ணையில் உட்காரவைத்துக்கொண்டார். நிப்பிளை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்து, மேலுதட்டில் லேசாகத் தடவிவிட்டு அப்படியே வைத்திருந்தார். திணிக்கவில்லை. அவள் கடித்தாள், நாக்கால் தள்ளினாள், தெருவில் போன ஆட்டைப் பார்த்தாள். அத்தை உள்ளேயிருந்து, "புள்ளைக்குப் பசி வந்தாட்ட இருக்குது, சங்கைக் கொண்டாரட்டுங்களா?" என்று கேட்க, "சித்த நேரம் பொறு. வேணும்னா அவளே குடிப்பா" என்றாராம். குடித்தாள். பெரிதாக ஒன்றுமில்லை, 20 மில்லி இருக்கும். அன்றைக்கு அதோடு விட்டுவிட்டார். அழ ஆரம்பித்த பிறகும் வாயில் வைத்து அழுத்தியிருந்தால் மறுநாள் பாட்டிலைப் பார்த்ததுமே அழுதிருப்பாள்.

அவர் செய்ததில் இருந்த விஷயத்தைப் பிரித்துச் சொல்கிறேன். பசி உச்சிக்கு ஏறிய பிறகு பழக்க முடியாது; அரைப்பசியில், தூங்கி எழுந்து நல்ல மனநிலையில் இருக்கும்போது கொடுக்க வேண்டும். பிள்ளை நிமிர்ந்து இருக்க வேண்டும், பாட்டில் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருக்க வேண்டும், நிப்பிளில் பால் நின்றால் போதும். கவிழ்த்துப் பிடித்தால் பால் தானாக இறங்கும், பிள்ளை வேண்டாம் என்று சொல்ல இடமிருக்காது. சில வாய் குடித்ததும் பாட்டிலைக் கொஞ்சம் தாழ்த்தினால் மூச்சு விடுவாள். மார்பிலும் பால் விட்டுவிட்டுத்தானே வருகிறது. முகத்தைத் திருப்பினால், கையை விரித்தால், தூங்கி விழுந்தால் போதும் என்று அர்த்தம். மிச்சம் 15 மில்லி கிடக்கிறதே என்று முடிக்க வைக்கக்கூடாது. அதைக் கொட்ட மனசு வராது, தெரியும். எச்சில் பட்ட பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், அதற்கு மேல் கொட்டத்தான் வேண்டும். அதனாலேயே ஒரு தடவைக்கு 60 மில்லி மட்டும் ஊற்றி, கேட்டால் இன்னும் 30 என்று வைத்தோம். நான் வீட்டில் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 30 மில்லி என்பது ஒரு தோராயக் கணக்கு, எங்களுக்கு அது ஒத்துவந்தது. படுக்கவைத்து பாட்டிலைத் தலையணையில் முட்டுக்கொடுத்து வைப்பது மட்டும் எந்த வீட்டிலும் வேண்டாம்.

பால் சேமிப்பில் அத்தையோடுதான் பெரிய பஞ்சாயத்து. "பாலைக் காய்ச்சாம எப்படிக் கண்ணு குடுக்கறது?" என்றார். பசும்பாலைக் காய்ச்சியே பழகிய கை. தாய்ப்பாலை அடுப்பில் வைக்கக்கூடாது, அதில் இருக்கும் எதிர்ப்புச் சத்து வீணாகும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தாலே போதும். மைக்ரோவேவிலும் வேண்டாம், ஓரிடத்தில் கொதித்து ஓரிடத்தில் ஆறி இருக்கும், பிள்ளை வாய் வெந்துபோகும். இன்னொரு நாள் ஃபிரிட்ஜைத் திறந்து, "திரிஞ்சு போச்சு" என்று முழுசையும் கொட்டப்போனார். கொழுப்பு மேலே ஏடாகத் தனியே நிற்கும், அவ்வளவுதான். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். மணிக்கட்டின் உட்புறம் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்து, சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருந்தால் கொடுக்கலாம்.

பீய்ச்சிய பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் என்பது பொதுவான கணக்கு. கோவையில் குளுகுளு காற்று என்று பெயர்தான், மார்ச் வந்தால் எங்கள் அடுக்களையில் 25 டிகிரி கிடையாது. அதனால் வெளியே வைக்கும் பேச்சே இல்லை, நேராக ஃபிரிட்ஜ். கதவில் வேண்டாம், உள்பக்கம் பின்னால். ஒவ்வொன்றிலும் தேதி. ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு இறக்கி உருகிய பாலை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக்கூடாது.

அலுவலகத்தில் பால் பீய்ச்ச, பழைய ஃபைல்கள் வைக்கும் அறையைக் கேட்டு வாங்கினேன். தாழ்ப்பாள் நானே போடச் சொல்லி வாங்கியது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. அதைக் கேட்டுப் பெறக் கூச்சப்பட வேண்டியதில்லை. வெளியூர் வேலையாகப் போனால் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது. சில இடத்தில் பூட்டிக் கிடக்கும், சாவி நேரக்காப்பாளர் அறையில் கேளுங்கள். பீய்ச்சாமல் விட்டால் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிடும், சுரப்பும் குறையும். பீய்ச்சிய பாலை வீட்டுக்குக் கொண்டுவர ஐஸ் பேக் போட்ட சின்னப் பை ஒன்று போதும்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மகள் பகலில் தேவைக்கு மட்டும் குடித்துவிட்டு, நான் வந்ததும் ராத்திரி முழுக்க மார்பைப் பிடித்துக்கொண்டாள். பயந்து டாக்டரைக் கேட்டேன். ஒரு நாளில் ஆறு தடவையாவது நன்றாக மூத்திரம் போகிறாளா, எடை ஏறுகிறதா, அதைப் பாருங்கள் என்றார். இரண்டும் சரியாக இருந்தன. பல குழந்தைகள் இப்படிச் செய்யுமாம். எனக்குத்தான் தூக்கம் போனது. 'வெயில் காலம், நாலு வாய் தண்ணி கொடு' என்றவர்களிடம் மட்டும் நான் வளைந்துகொடுக்கவில்லை. ஆறு மாதம் வரை தண்ணீர் தேவையே இல்லை, பாலில் இருப்பதே போதும். வயிறு சின்னது, தண்ணீரால் நிறைந்தால் பால் எங்கே போகும்?

கழுவும் முறைக்கு அத்தை ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டார். குடித்த உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசிவிடுவார், காயவிட்டால் பிசுக்கு பிடித்துக்கொள்ளும். அப்புறம் தனிப் பாத்திரத்தில் சோப்பும் சுடுநீரும், இதற்கென்றே தனி பிரஷ். பாத்திரம் தேய்க்கும் நார் இதற்குக் கிட்டேயே வராது. பிறகு மூழ்கும் அளவு தண்ணீரில் பாட்டில், வளையம், நிப்பிள், சங்கு எல்லாம் போட்டு, கொதி வந்த பிறகு 10 நிமிடம். துணியால் துடைக்காமல் சுத்தமான தட்டில் கவிழ்த்துக் காயவிடுவார். நிப்பிளை இழுத்துப் பார்ப்பார். ஒட்டும் பதமாகவோ, கீறலாகவோ, நிறம் மாறியோ இருந்தால் குப்பைக்கு.

காலையில் மாமா கையால் பாட்டில், மணிக்கட்டு ஒத்துழைத்தால் மதியம் அத்தை கையால் சங்கு என்று அது தானாகவே அமைந்தது. ஆறு மாதம் முடிந்து கூழும் பருப்பும் தொடங்கியதும் பாட்டிலைக் குறைத்து, சின்ன ஸ்டீல் டம்ளருக்கு மாற்றினோம். பாதி சட்டையில்தான். ஆனால் டம்ளர் பழகிய பிள்ளையிடமிருந்து பாட்டிலைப் பிடுங்கும் சண்டை பின்னாடி இருக்காது. ராத்திரி பாட்டிலோடு தூங்கிப் பல்லைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு.

இப்போது என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி விடுப்பு முடிந்து வரப்போகிறாள், பாட்டில் கேட்டாள். கண்ணாடி பாட்டில்களைக் கொதிக்க வைத்துக் கொடுத்துவிட்டேன். நிப்பிளும் பிரஷும் மட்டும் புதுசாக வாங்கிக்கொள்ளச் சொன்னேன், ஆகக் குறைந்த ஓட்டமாகப் பார்த்து. சங்கு கிடையாது, அதை அத்தை திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டார்.